பியூன் கங்கையாவின் நாலு வருஷக் கணக்கு

திருப்பதியில் ஒரு காலேஜில் கங்கையா என்று ஒரு பியூன் இருந்தார். பிரின்சிபால் பெயர் தெரியாத ஆட்கள் ஊரில் நிறைய உண்டு, கங்கையாவைத் தெரியாத ஆள் கிடையாது. மணி அடித்ததற்கும் ஃபைல் தூக்கியதற்கும் யாருக்காவது இப்படிப் பேர் வருமா? அவருடைய பேருக்குக் காரணம் வேறு. ஒரு பையனைப் பார்த்த மாத்திரத்தில், இவன் பட்டம் வாங்க இத்தனை வருஷம் ஆகும் என்று சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னபடி நடக்கும்.

ஜூன் மாதம் காலேஜ் திறக்கும்போது பார்க்க வேண்டும் அந்தக் கூத்தை. நகரி, புத்தூர், பிச்சாட்டூர், மதனப்பள்ளி என்று நாலாபக்கமிருந்தும் அப்பன்மார்கள் தகரப் பெட்டியும் பையனுமாக வந்து இறங்குவார்கள். ஃபாரம் எழுதி ஆபீஸில் நீட்டிவிட்டு, பிரின்சிபால் இருக்கும் அறையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நேரே கங்கையாவிடம் வந்து நிற்பார்கள். தமிழ்க்காரன் தமிழில் கேட்பான், தெலுங்குக்காரன் தெலுங்கில் கேட்பான். கேள்வி என்னவோ ஒன்றுதான். "எங்க பையனுக்கு எத்தினி வருசம் ஆவும், கங்கையா?"

சட்டப்படி நாலு வருஷம். இண்டர்மீடியட் இரண்டு, பி.ஏ. இரண்டு. இது காகிதத்தில் இருக்கிற கணக்கு, இதைச் சொல்ல கங்கையா எதற்கு? அவர் பையனைக் கொஞ்ச நேரம் தன் பக்கத்தில் நிறுத்திவைப்பார். பேச்சுக் கொடுப்பார். பையன் முதலில் லைப்ரரி எங்கே என்று கேட்டால் நாலு வருஷம். ஹோட்டல் எங்கே என்று கேட்டால் ஆறு. ரயில்வே ஸ்டேஷனுக்குக் குறுக்கு வழி கேட்டால், "அவன் ஊருக்குத் திரும்பிப் போறதுக்கு நாள் பாத்துக்கினு இருக்கான், நீங்க நெலத்துல எறக்கிவுட்ருங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

பரீட்சை மாதத்தில் இன்னொரு கணக்கு வைத்திருந்தார். மலை பக்கத்திலேயே இருக்கிறது, பையன்கள் சும்மா இருப்பார்களா? பாஸானால் முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொள்கிறவன் ஒரு ஜாதி. முதலிலேயே ஏறிப்போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்து பரீட்சை எழுத உட்காருகிறவன் இன்னொரு ஜாதி. மார்ச் மாதம் ஹாலில் எத்தனை மொட்டை என்று எண்ணிப் பார்த்துவிட்டு, "செப்டம்பருக்கு இத்தினி நாற்காலி எடுத்து வையுங்க சார்" என்று ஹெட் கிளார்க்கிடம் சொல்வார். ஹெட் கிளார்க் சிரிப்பார். தோற்றவர்கள் மறுபடி எழுத வரும் செப்டம்பரில் எண்ணிப் பார்த்தால் ஒன்றிரண்டுதான் கூடக் குறைய இருக்கும்.

இத்தனை பிள்ளைகளுக்குக் கணக்குச் சொன்ன மனுஷன், தன் வீட்டு விஷயத்தில் எப்படிக் கோட்டை விட்டார் என்பதுதான் கதை.

கங்கையாவுக்கு நகரிப் பக்கம். மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். காலேஜ் ஆரம்பித்த வருஷமே பியூனாகச் சேர்ந்து, பெண்டாட்டி சென்னம்மாவோடு திருப்பதியில் ரயில்வே கேட்டுப் பக்கம் ஒரு வீட்டில் குடியேறினார். ஒரே பெண், தாட்சாயணி. எட்டாவது வரை தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வீட்டில் தமிழ், வாசல் தாண்டினால் தெலுங்கு, இரண்டிலும் வாய் அடங்காது.

அவருக்கு ஓர் அக்கா, சுந்தரம்மா. பாலசமுத்திரத்துக்குத் தெற்கே இரண்டு மைலில் ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டு, சீக்கிரமே புருஷனைப் பறிகொடுத்தவள். மூன்று ஏக்கர் வேர்க்கடலை நிலத்தைத் தானே நின்று பார்த்து, ஒரே பையன் சிட்டிபாபுவை எஸ்.எஸ்.எல்.சி. வரை கொண்டு வந்துவிட்டாள். ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஜூன் மாதம் பையனைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டு வாசலில் வந்து இறங்கினாள்.

"இந்தாடா, ஒன் மருமவன். நீயே சேத்து வுடு. படிச்சதும் தாட்சாயணிய இவனுக்குக் கட்டிட்டு, நான் கண்ண மூடிக்கிறேன்" என்றாள்.

அக்கா பையனுக்குத் தம்பி பெண், இதில் பேச என்ன இருக்கிறது? சென்னம்மா வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்தாள். அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். சுந்தரம்மாவுக்கு என்னவோ உடனே தாலி கட்டிவிட்டாலும் சரிதான். கங்கையாதான் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அவசரப்படாத அக்கா. படிக்கிற பையன் கழுத்துல குடும்பத்தக் கட்டக் கூடாது. எம் மாப்பிள்ளைக்குப் பேருக்குப் பின்னாடி பி.ஏ. இருக்கணும். பட்டம் கையில வாங்கின மாசமே முகூர்த்தம். நாலு வருசம். கங்கையா சொல்றேன், நாலே வருசம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். கங்கையா சொன்னால் அதற்கு மேல் யார் பேசுவார்கள்? தாட்சாயணிக்கு அப்போது பதினாறு. கதவுக்குப் பின்னால் நின்று விரல் விட்டு எண்ணினாள். இருபது என்றால் ஒன்றும் மோசமில்லை என்று அவளுக்கும் பட்டது.

மறுநாள் காலேஜ் ஆபீஸில் ஃபாரம் எழுதும்போதுதான் அந்தச் சின்ன விஷயம் வந்தது. அந்தக் காலத்துப் படிப்பில் மூன்று பகுதி. முதல் பகுதி இங்கிலீஷ், இரண்டாவது பகுதி ஒரு பாஷை, மூன்றாவது பகுதி பாடம். மூன்றையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். இரண்டில் பிரமாதமாகப் பாஸாகி, ஒன்றில் போய்விட்டால் பட்டம் கிடையாது. சிட்டிபாபு பேனாவைப் பிடித்துக்கொண்டு மாமன் முகத்தைப் பார்த்தான்.

"மாமா, ரெண்டாவது பார்ட்டுல இன்னா எழுதணும்? தமிழா?"

கங்கையா சுற்றுமுற்றும் பார்த்தார். ஆபீஸ் முழுக்க ஒரே பேச்சு. அக்டோபரில் ஆந்திரா தனி ராஜ்யமாகிறது, கர்னூல் தலைநகரம், சித்தூர் ஜில்லா ஆந்திராவில்தான், இனிமேல் உத்தியோகம் எல்லாம் தெலுங்கு தெரிந்தவனுக்கே. நகரிப் பக்கத்துத் தமிழ்ப் பையன்கள் ஐந்தாறு பேர் அன்று காலையிலேயே தெலுங்கு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"தெலுகுன்னு எழுது" என்றார் கங்கையா.

"எனக்குப் பேசத்தான் வரும் மாமா. படிச்சதெல்லாம் தமிழ்ல ஆச்சே."

"பேசறவனுக்குப் படிக்க வராதா? தமிழப் படிச்சிட்டு ஆந்திராவுல யாருக்கு மனு எழுதுவ? எழுதுடான்னா."

எழுதினான். அவ்வளவுதான். ஒரு பேனாவில் ஒரு வார்த்தை எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

சிட்டிபாபு மக்குப் பையன் இல்லை. இங்கிலீஷ் நன்றாக வந்தது. சரித்திரமும் பொருளாதாரமும் தண்ணீர் பட்ட பாடு. தெலுங்கும் புத்தூர்ச் சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்கு, மாட்டைத் திட்டுகிற அளவுக்குத் தாராளமாக வரும். வகுப்பில் வைத்தது அந்தத் தெலுங்கா? எந்தக் காலத்துச் செய்யுளோ, பிரித்தால் ஒரு பொருள், சேர்த்தால் ஒரு பொருள். தெலுங்கையே தாய்ப்பாலோடு குடித்த பையன்களே தலையைச் சொறிந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலிலிருந்து மாமன் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு வருவான். தாட்சாயணி அதை வாங்கி ராகம் போட்டுப் படித்துக் காட்டுவாள், அவன் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"மாமா, நீ படிக்கிறதக் கேட்டா எழுதனவன் எழுந்து வந்து ஒதைப்பான்."

"நீயே போய் எழுதிட்டு வந்துடு. ஒனக்கே பட்டத்தக் குடுக்கட்டும்" என்பான் சிட்டிபாபு.

"குடுத்தா வாங்கிக்கிறேன். அப்பறம் நீ எனக்குச் சமைச்சிப் போடணும், ஆமா."

சென்னம்மா அடுப்படியிலிருந்து பொய்யாக அதட்டுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்தவர்கள் அந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் எப்படி விரும்பினார்கள் என்று பிற்பாடு சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். பார்க்கவே அவ்வளவு நன்றாக இருந்தது.

இண்டர்மீடியட் முடிவு வந்தது. மற்றதெல்லாம் பாஸ், தெலுங்கு போய்விட்டது. செப்டம்பரில் எழுதித் தப்பித்தான், ஆனால் அதற்குள் பி.ஏ. வகுப்பு தொடங்கி மூன்று மாதம் ஓடிவிட்டதால் அந்த வருஷம் வீண். நாலு, ஐந்தானது. "ஒரு வருசம்தானே, பரவால்ல" என்றார் கங்கையா. நடுவில் யூனிவர்சிட்டியே மாறியது. மெட்ராஸை நம்பிச் சேர்ந்த பையன்களைப் புதிதாக வந்த திருப்பதி யூனிவர்சிட்டிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பிறகு படிப்பு முறையே மாறியது. பி.யூ.சி. ஒரு வருஷம், பட்டத்துக்கு மூன்று வருஷம் என்றார்கள். அப்பன்மார்கள் வந்து கேட்டால் கங்கையா எந்த முறைக்கு எந்தக் கணக்கு என்று இரண்டையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அதையும் சளைக்காமல் சொன்னார்.

ஐம்பத்தெட்டு மார்ச்சில் சிட்டிபாபு பி.ஏ. எழுதினான். முடிவு ஜூன் மாதம் வந்தது.

முடிவுப் பட்டியலைப் பலகையில் ஒட்டுவது கங்கையாவின் வேலை. மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கி, டப்பாவில் எடுத்துக்கொண்டு போய், பின்னால் நூறு பையன்கள் முட்டி மோத, ஒவ்வொரு தாளாகத் தடவி ஒட்டுவார். படிப்பு மூன்றாவதுதான் என்றாலும் நம்பர் படிக்கத் தெரியுமே. முதல் பகுதியில் சிட்டிபாபு நம்பர் இருந்தது. மூன்றாம் பகுதியிலும் இருந்தது, அதுவும் நல்ல இடத்தில். இரண்டாம் பகுதித் தாளை விரித்தார். அவன் நம்பருக்கு முந்தின நம்பர் இருந்தது, பிந்தின நம்பர் இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. பின்னால் பையன்கள் "சீக்கிரம் ஒட்டு கங்கையா" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒட்டினார்.

அதற்குப் பிறகு அந்தப் பலகைக்கும் கங்கையாவுக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் இதே வழக்கு. செப்டம்பர் போனது. அடுத்த மார்ச் போனது. வெறும் ஒரே ஒரு பேப்பர். அதை எழுதுவதற்காக ஊரிலிருந்து வந்து, எழுதிவிட்டு ஊருக்குப் போய், முடிவுக்கு மூன்று மாதம் காத்திருந்து, போய்விட்டது என்று தெரிந்து, மறுபடி ஃபாரம் எழுதுவான்.

ஒரு தடவை, விடைத்தாள் கட்டுகளை யூனிவர்சிட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை கங்கையாவுக்கு வந்தது. துணி சுற்றி, தைத்து, அரக்கு முத்திரை வைத்த கட்டுகள். ஜட்காவில் ஏற்றி, தெலுங்குக் கட்டைக் கீழே வைக்க மனசு வராமல் மடியில் வைத்துக்கொண்டார். பெண்ணின் தலையெழுத்தே அந்தத் துணிக்குள் இருக்கிறது. கையால் தடவலாம். அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? வழியெல்லாம் ஏழுமலையானைக் கூப்பிட்டுக்கொண்டே போய், ஆபீஸில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு திரும்பினார். அந்தத் தடவையும் போய்விட்டது.

ஒரு நாள் வெட்கத்தை விட்டு ஹெட் கிளார்க்கிடம் கேட்டார்.

"சார், பையனுக்குத் தமிழ் நல்லா வரும். தெலுங்க எடுத்துட்டுத் தமிழ்ப் பரீட்சை குடுக்கச் சொல்ல முடியாதா?"

ஹெட் கிளார்க் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பாஷைய மாத்தினா மறுபடி ரெண்டு வருஷம் கிளாஸ்ல உட்காரணும் கங்கையா. உட்காரலாம்னா பழைய முறை கிளாஸே இப்ப இல்ல. பழைய முறை ஆளுங்களுக்குப் பரீட்சையே இன்னும் எத்தனை தடவை வைப்பாங்கன்னு எனக்கே தெரியல." பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "யாருய்யா அவனத் தெலுங்கு எடுக்கச் சொன்னது?" என்று கேட்டார்.

கங்கையா மணி அடிக்க நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

வீட்டில் தாட்சாயணிக்கு இருபத்திரண்டு முடிந்தது. அவளோடு படித்த பெண்களெல்லாம் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு வந்து போனார்கள். தெருவில் பேச்சு கிளம்பியது. கங்கையா எல்லார் வீட்டுப் பையனுக்கும் கணக்குச் சொல்வாராம், சொந்த மாப்பிள்ளைக்குச் சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சென்னம்மாவுக்கு அது தாங்கவில்லை.

"இன்னா மனுசன்யா நீ? பட்டம், பட்டம்னு நீதான வாய வுட்ட? ஒங்க அக்கா அன்னிக்கே தாலியக் கட்டிடலாம்னுச்சி. இப்பவாவது பட்டம் வேணாம், கண்ணாலத்தப் பண்ணிடலாம்னு சொல்லேன்."

சொல்லியிருக்கலாம். யார் தடுத்தார்கள்? ஆனால் பாருங்கள், நாலு பேர் நடுவில் பி.ஏ. மாப்பிள்ளை என்று மார் தட்டிவிட்டு, இப்போது பாஸாகாதவனுக்குப் பெண்ணைக் கொடுத்தால், கங்கையா சொன்னது கங்கையா வீட்டிலேயே பலிக்கவில்லை என்றாகிவிடுமே. அந்த வறட்டுக் கௌரவம் அவர் கழுத்தைப் பிடித்தது. "இன்னும் ஒரு தடவ பாக்கலாம்" என்றே தள்ளினார். சிட்டிபாபுவும் முன்போல ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்திவிட்டான். மாமன் முகத்தில் விழிக்க அவனுக்குக் கூச்சம்.

ஐம்பத்தொன்பது செப்டம்பர் முடிவு கார்த்திகையில் வந்தது. கங்கையா ஒட்டினார். இல்லை. நாலாவது முறை.

அதே சமயம் எல்லைச் சங்கதியும் முடிவுக்கு வந்தது. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராஸுக்கு என்று வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்ததைத் தீர்த்து, ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வரும் என்றார்கள். சுந்தரம்மாவின் ஊர் மெட்ராஸ் பக்கம் போய்விட்டது. பாலசமுத்திரம் இங்கே, அதற்கு இரண்டு மைல் தெற்கே இருக்கிற ஊர் அங்கே. ஆந்திராவில் உத்தியோகம் என்று தெலுங்கை எழுத வைத்தாரே, அந்தப் பையனுக்கு இப்போது ஊரே ஆந்திராவில் இல்லை. கேள்விப்பட்ட அன்று கங்கையா காலேஜ் மரத்தடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். நிஜமாகவே இரண்டு கையாலும் அடித்துக்கொண்டார்.

அன்று அவர் ஒரு கணக்குப் போட்டார். அவர் பார்த்த பையன்களில் ஒரே பேப்பரை மூன்று தடவை கோட்டை விட்டவன் நாலாவதில் வந்ததுண்டு. நாலு தடவை விட்டவன் ஒருத்தனும் வந்ததில்லை. பதினாலு வருஷத்தில் ஒருத்தன்கூட இல்லை. மெட்ராஸ் ஊர்க்காரனை இங்கே எழுத விடுவார்களோ மாட்டார்களோ. எத்தனை வருஷம் என்ற கேள்விக்குச் சிட்டிபாபு விஷயத்தில் இனி நம்பரே கிடையாது என்று முடிவு கட்டினார்.

அந்த நேரம் பார்த்துச் சித்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. ஆதிநாராயணன், கோர்ட்டில் நகல் எழுதுகிறவர், முப்பத்தைந்து வயது. பெண்டாட்டி பிரசவத்தில் போய்விட்டாள், மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அமைதியான ஆள், குடி கிடி கிடையாது. இருபத்துமூன்றைத் தொட்ட பெண்ணுக்கு இதைவிட நல்ல இடம் வராது என்று வந்தவர்கள் சொன்னார்கள். கங்கையா சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

தாட்சாயணி அன்றுவரை அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. அன்று அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நைனா, மார்ச்சுக்கு மாமா ஃபாரம் கட்டி இருக்குது. இன்னும் ஒரே ஒரு பரீட்சை பாக்கலாம் நைனா."

"எத்தினி தடவம்மா பாக்கறது?"

"ஆறு வருசம் பாத்தோம். ஆறு மாசம் பாக்க மாட்டமா? வரலன்னா நீ யாருக்குச் சொல்றியோ கழுத்த நீட்டறேன். சத்தியமா நீட்டறேன்."

"வராதும்மா. நாலு தடவ போனவன் வர மாட்டான். நான் பாத்த பசங்க எத்தினி பேரு தெரியுமா? எனக்குத் தெரியும். இந்த ஒரு விசயத்துல என்ன ஏமாத்த ஒருத்தன் பொறக்கல."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். அழுதாளா இல்லையா என்று அவருக்குத் தெரியாது, போய்ப் பார்க்கவும் அவருக்குத் தைரியம் வரவில்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. சுந்தரம்மா வந்தாள். அத்தை முறைக்குச் செய்ய வேண்டிய புடவையைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். பந்தியில் உட்காரச் சொன்னபோது, "பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று சொல்லிப் போய்விட்டாள். தம்பியை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. சிட்டிபாபு வரவில்லை.

ஏப்ரலில் ஊர்கள் கை மாறின. ஜூனில் முடிவு வந்தது.

கங்கையா பசை டப்பாவோடு பலகைக்கு முன் நின்றார். அந்தத் தடவை சிட்டிபாபு எழுதினானா என்றுகூட அவர் யாரையும் கேட்டிருக்கவில்லை. மார்ச்சில் ஹால் டிக்கெட்டுகளை அடுக்கியபோது அவன் பெயருள்ள சீட்டு கண்ணில் பட்டது, அதில் இருந்த நம்பர் மட்டும் மனசில் தங்கிவிட்டிருந்தது. இரண்டாம் பகுதித் தாளை விரித்தார். இத்தனை வருஷப் பழக்கம், விரல் தானாக வரிசையில் இறங்கியது. முந்தின நம்பர் இல்லை. பிந்தின நம்பர் இல்லை. நடுவில் சிட்டிபாபுவின் நம்பர் மட்டும் இருந்தது.

அவர் முதலில் நம்பவில்லை. தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். அதே நம்பர்தான். சிட்டிபாபு பி.ஏ. ஆகிவிட்டான். தாட்சாயணி கழுத்தில் தாலி ஏறி நாலு மாதமாகிறது. "ஐயோ, ஐயோ" என்று வாய்விட்டுச் சொன்னார். பின்னால் நின்ற பையன்கள் தங்களில் யாருடைய நம்பரோ போய்விட்டது என்று பயந்துபோனார்கள். ஒருவன் தாளை அவர் கையிலிருந்து வாங்கி, பசையைத் தானே தடவி ஒட்டினான்.

வீட்டில் சொல்லவில்லை. சென்னம்மாவிடம் சொன்னால் அவள் ஊரைக் கூட்டுவாள், ஊரைக் கூட்டினால் அது சித்தூர் போய்ச் சேரும். பெண்ணுக்குத் தெரியவே கூடாது. தெரியாமல் இருந்தால் அவள் பாட்டுக்கு அந்தக் குழந்தையை வளர்த்துக்கொண்டு இருந்துவிடுவாள். தன்னால் இனி அவளுக்குச் செய்ய முடிந்தது இது ஒன்றுதான் என்று நினைத்தார். காலேஜ் திறந்தது. அப்பன்மார்கள் வந்து நின்று எத்தனை வருஷம் என்று கேட்டார்கள். "ஆபீஸ்ல கேளுங்க" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் போனார்.

ஆடி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், தலை ஆடிக்குப் பெண்ணை அழைத்து வரச் சித்தூர் போனார். ஆதிநாராயணன் மரியாதையாக உட்கார வைத்து, காபி கொடுத்து, குழந்தையையும் அவளோடே அனுப்பிவைத்தார். பஸ்ஸில் ஏறினார்கள். தாட்சாயணி கொஞ்சம் இளைத்திருந்தாள், மற்றபடி நன்றாகத்தான் இருந்தாள். குழந்தை அவள் மடியில் படுத்துத் தூங்கிவிட்டது. கங்கையா மழையைப் பற்றிப் பேசினார், வேர்க்கடலை விலையைப் பற்றிப் பேசினார். காலேஜைத் தவிர எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்.

பாகாலா தாண்டியதும் அவள் சொன்னாள். "மாமா வந்திருந்துது நைனா."

"எந்த மாமா?"

"எனக்கு எத்தினி மாமா கீறாங்க? ரிசல்ட்டு வந்த மறு வாரம். அவரு கோர்ட்டுக்குப் போயிருந்தாரு. உள்ள வாங்கன்னேன், வரல. வாசல்லயே நின்னுக்கினு ஒரு சொம்புத் தண்ணி குடிச்சிது. பாஸாயிட்டேன் தாட்சான்னுச்சி."

கங்கையா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"படிக்கவே இல்லியாம் நைனா. போவவே மாட்டேன்னு படுத்துக்கினு இருந்துதாம். அத்ததான் பணம் கட்டியாச்சி, போய் எழுதிட்டு வாடான்னு தள்ளி வுட்டுதாம். இனிமே வந்தா இன்னா, வராங்காட்டி இன்னான்னு பயமில்லாம எழுதிச்சாம். வந்துட்டுது."

"அவன்... ஒன்ன எதனா சொன்னானா?"

"நாலு மாசம் பொறுத்துக்கக் கூடாதா, அவ்ளோ அவசரமா ஒனக்குன்னு கேட்டுச்சி."

கங்கையா மெதுவாகத்தான் கேட்டார், பஸ் சத்தத்தில் அவருக்கே கேட்கவில்லை. "நீ இன்னாம்மா சொன்ன?"

"ஆமா, எனக்குத்தான் அவசரம்னு சொன்னேன்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் குழந்தையின் முகத்தில் பட்ட வெயிலை முந்தானையால் மறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒன் பேரச் சொன்னா, நாளைக்கி ஒங்க அக்கா வூட்டு வாசப்படிய நீ எப்பிடி நைனா மிதிப்ப? ஒனக்கு இருக்கறது ஒரு அக்கா. என்னப் பத்தி இன்னா வேணா நெனச்சிக்கட்டும். இனிமே இன்னா?"

  கங்கையா சந்திரகிரி வரை ஜன்னல் கம்பியை விடவில்லை.

"இந்தா, இவளக் கொஞ்சம் வாங்கிக்க நைனா. கால் மரத்துப் போச்சி" என்று சொல்லி, தூங்குகிற குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.